வீட்டுக் காப்பீட்டில் நீர்ச்சேத இழப்பீடு கோரல்

வீட்டுக் காப்பீட்டில் நீர்ச்சேத இழப்பீடு கோரல் என்பது மழை, வெள்ளம், குழாய் வெடிப்பு, தொட்டி நிரம்பி வழிதல் முதலியவற்றால் வீட்டுக்கோ வீட்டில் உள்ள பொருட்களுக்கோ ஏற்படும் சேதத்தை, காப்புறுதி ஒப்பந்தத்தின்படி காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பணமாகவோ சீரமைப்பாகவோ பெறுவதற்கான நடைமுறை ஆகும். காப்புறுதி ஒப்பந்தம் பேச்சு வழக்கில் பாலிசி என்றும், அதற்குச் செலுத்தும் தொகை பிரீமியம் என்றும் அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரை இந்தியாவில் நடைமுறையில் உள்ள முறையை, தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

இந்தியாவில் வீட்டுக் காப்பீடு கட்டாயமானது அன்று. வங்கியில் வீட்டுக்கடன் பெற்றவர்களில் பலர், கடனுடன் சேர்த்து எடுக்கப்பட்ட காப்பீடு தம் பெயரில் இருப்பதை அறியாமலேயே உள்ளனர். எனவே நீர்ச்சேதம் ஏற்பட்டவுடன் கடன் ஆவணங்களைப் பார்த்து, காப்பீடு உள்ளதா என்று வங்கிக் கிளையில் கேட்டு அறிவது முதற் செயலாகும்.

பின்னணி

தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. இம்மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மி.மீ.க்கும் குறைவே. வறட்சிக்குப் பெயர்பெற்ற பகுதி என்பதால், வெள்ளத்திற்காகக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கு இயல்பாக எழுவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இவ்வெண்ணத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. கரையைக் கடந்த பின் மெதுவாக உள்நோக்கி நகர்ந்த அப்புயல், டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. முன்னர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்து தற்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. தர்மபுரி மாவட்டத்தின் அரூரில் 30 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அதாவது, ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் பெய்தது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் நில அமைப்பும் இங்கு கருதத்தக்கது. சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறு இவ்வட்டங்களின் வழியே சென்று தென்பெண்ணையாற்றில் கலக்கிறது. மலையில் பெய்யும் மழை சில மணி நேரத்தில் ஓடைகள் வழியே கீழே இறங்கிவிடும். ஏரிகளும் ஓடைகளும் தூர்ந்துள்ள இடங்களில் அந்நீர் தெருக்களிலும் வீடுகளிலும் புகும்.

காப்பீட்டின் வகைகள்

இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. பின்னர் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் (இக்கட்டுரையில் இனி ஆணையம்) அமைக்கப்பட்டு, தனியார் நிறுவனங்களும் அனுமதிக்கப்பட்டன. வீடுகளுக்கு நீண்டகாலம் வழங்கப்பட்டு வந்தது செந்தரத் தீ மற்றும் சிறப்பு இடர்க் காப்புறுதி ஆகும். பெயரில் தீ என்று இருந்தாலும் புயல், வெள்ளம், நீர் சூழ்தல், தொட்டி மற்றும் குழாய் வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் ஆகியனவும் அதில் அடங்கும்.

2021 ஏப்ரல் 1 முதல் குடியிருப்புகளுக்கென பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான காப்புறுதியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டும் என ஆணையம் விதித்தது. இதன் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

* கட்டிடத்தின் காப்புத் தொகையில் 20 விழுக்காடு, 10 இலட்சம் உரூபாய் உச்ச வரம்புடன், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே காப்பாக அமையும். நகை முதலிய விலையுயர்ந்த பொருட்களுக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும்.
* கட்டிடத்தின் காப்புத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாக உயரும்.
* இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 விழுக்காடு வரையும், பொறியாளர் மற்றும் கட்டிடக் கலைஞர் கட்டணத்திற்கு 5 விழுக்காடு வரையும் கிடைக்கும்.
* காப்புக்குட்பட்ட நிகழ்வு நடந்து 7 நாட்களுக்குள், அதன் தொடர்பாக நிகழும் திருட்டும் காப்புக்கு உட்படும். வெள்ளத்தின்போது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறுவோருக்கு இது பயன்படும்.
* குறைமதிப்புக் காப்பு விதி தளர்த்தப்பட்டுள்ளது. இது கீழே விளக்கப்படுகிறது.

காப்புத் தொகை என்பது வீட்டின் விற்பனை விலை அன்று. நிலத்தின் மதிப்பு அதில் சேராது. அதே கட்டிடத்தை மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவே கணக்கில் கொள்ளப்படும்.

எது நீர்ச்சேதம்

இழப்பீடு கிடைக்குமா என்பதை முடிவு செய்வது சேதத்தின் அளவு அன்று, அதன் காரணமே. ஒரே சுவரில் ஒரே அளவு ஈரம் இருந்தாலும், நீர் எவ்வாறு வந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

* வெள்ளமும் நீர் சூழ்தலும்: ஆறு, ஏரி, ஓடை கரை கடந்து வீட்டினுள் நீர் புகுதல். காப்புக்கு உட்பட்டது.
* தொட்டி, குழாய்: மாடியில் உள்ள நெகிழித் தொட்டி வெடித்தல், சுவருக்குள் பதித்த குழாய் உடைதல், தொட்டி நிரம்பி வழிதல். காப்புக்கு உட்பட்டது.
* புயல்: காற்றில் ஓடு அல்லது தகரக் கூரை பறந்து, அதன் வழியே மழைநீர் புகுதல். காப்புக்கு உட்பட்டது.
* நெடுநாள் நீர்க்கசிவும் ஓதமும்: தளத்தில் விரிசல் விழுந்து ஆண்டுதோறும் ஒழுகுதல், அடித்தளத்திலிருந்து சுவரில் ஈரம் ஏறுதல், பூஞ்சை படர்தல். இவை தேய்மானமாகவும் பராமரிப்புக் குறையாகவும் கருதப்பட்டு, பொதுவாக மறுக்கப்படும்.
* கட்டுமானக் குறை: புதுக் கட்டிடம் இயல்பாக அமிழ்வதால் ஏற்படும் விரிசல், குறைபாடான வேலை. காப்புக்கு உட்படாது.

பெரும்பாலான தகராறுகள் மூன்றாம், நான்காம் வகைகளுக்கு இடையிலேயே எழுகின்றன. தளம் முன்பே ஒழுகியது என்று மதிப்பீட்டாளரும், இம்மழையில்தான் ஒழுகியது என்று வீட்டு உரிமையாளரும் கூறும்போது, முந்தைய நிலையைக் காட்டும் சான்று இன்றியமையாதது. மழைக்காலத்திற்கு முன் வீட்டின் உள்ளும் புறமும், தளத்தின் மேலும் நிழற்படங்கள் எடுத்து வைப்பது இதற்குப் பேருதவியாகும். முந்தைய ஆண்டுகளில் தளத்திற்கு நீர்க்காப்புப் பூச்சு செய்த இரசீதும் நல்ல சான்றாகும்.

ஆறோ ஏரியோ உடையாமல், பெருமழையால் மட்டும் நீர் தேங்கினால் அது வெள்ளம் ஆகாது என்று சில நிறுவனங்கள் வாதிட்டதுண்டு. ஓரியண்டல் காப்பீட்டு நிறுவனத்திற்கும் ஜே.கே. சிமெண்ட் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், 2020-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. கடும் மழையால் நிலத்தில் நீர் திரண்டு நிலக்கரி அடித்துச் செல்லப்பட்டதும் காப்புறுதியில் உள்ள வெள்ளம், நீர் சூழ்தல் என்னும் சொற்களுள் அடங்கும் என்று அது தீர்ப்பளித்தது. ஆற்றங்கரையில் இல்லாத, தாழ்வான தெருவில் உள்ள வீடுகளுக்கு இத்தீர்ப்பு முக்கியமானது.

கோரும் முறை

1. பாதுகாப்பு. வீட்டினுள் நீர் புகுந்தால் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நனைந்த குளிர்பதனப் பெட்டி, மின்னேற்றி முதலியவற்றை மின்பணியாளர் பார்க்கும் முன் இயக்கக் கூடாது. அவ்வாறு இயக்கிப் பழுதானால், அப்பழுது வெள்ளத்தால் ஏற்பட்டது அன்று எனக் கூற இடம் ஏற்படும்.

2. பதிவு. சுத்தம் செய்யும் முன் நிழற்படமும் நிகழ்படமும் எடுக்க வேண்டும். சுவரில் நீர் நின்ற உயரத்தைக் காட்டும் கறைக் கோட்டை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பது சிறந்தது. ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு பொருளும், மின்கருவிகளின் தயாரிப்பு எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். வெள்ளம் வடிந்தவுடன் வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையையும் அரிசி மூட்டையையும் தெருவில் எறிவது இயல்பு. ஆனால் இச்செயலால்தான் பலருடைய சான்றுகள் அழிந்துபோகின்றன.

3. அறிவித்தல். காப்பீட்டு நிறுவனத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண், மின்னஞ்சல் அல்லது கிளை அலுவலகம் வழியாக உடனே தெரிவித்து, கோரிக்கை எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷாவின்படி, சேதத்தை முதலில் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கோரிக்கைப் படிவம் அளிக்கப்பட வேண்டும். முகவரிடம் வாய்மொழியாகக் கூறியது மட்டும் போதாது.

4. சேதம் பெருகாமல் தடுத்தல். நீரை வெளியேற்றுதல், உடைந்த குழாயின் அடைப்பானை மூடுதல், கூரையைத் தார்ப்பாயால் மூடுதல் ஆகியன உரிமையாளரின் கடமை ஆகும். இதற்கான செலவு இரசீதுகளைப் பாதுகாக்க வேண்டும். அழுகும் பொருட்களை அகற்ற நேர்ந்தால், படம் எடுத்து, நிறுவனத்திற்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டு அகற்றலாம். நிலையான சீரமைப்பு வேலைகளை மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் தொடங்கக் கூடாது.

5. மதிப்பீடு. காப்பீட்டுச் சட்டம், 1938-இன் 64யூஎம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்புகளை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரே மதிப்பிட வேண்டும். வாகனம் அல்லாத இழப்புகளுக்கு இவ்வரம்பு 1 இலட்சம் உரூபாய் ஆகும். இவர் சர்வேயர் என்று அழைக்கப்பட்டாலும், நிலம் அளக்கும் வருவாய்த் துறை சர்வேயருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இவருக்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே செலுத்தும். வீட்டு உரிமையாளர் எதுவும் தர வேண்டியதில்லை. இவர் வரும்போது உரிமையாளர் உடனிருந்து, சேதப் பட்டியலின் ஒரு படியைக் கொடுத்து, மறுபடியில் கையொப்பம் பெறுவது நல்லது.

6. ஆவணங்கள். பொதுவாகக் கேட்கப்படுபவை: நிரப்பிய கோரிக்கைப் படிவம், காப்புறுதிப் படி, படங்கள், கொத்தனார் அல்லது பொறியாளர் தரும் சீரமைப்பு மதிப்பீடு, பொருட்கள் வாங்கிய இரசீதுகள், வீட்டு வரி இரசீது, அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் தரும் வெள்ளச் சேதச் சான்றும், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழையளவுப் பதிவும், அந்நாளைய செய்தித்தாள் செய்தியும் காரணத்தை நிறுவ உதவும். திருட்டு நிகழ்ந்திருந்தால் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை தேவை.

இரசீதுகளும் வெள்ளத்தில் போயிருந்தால் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. கடையில் இரண்டாம் படி, தவணைக் கடன் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை, பழைய குடும்ப நிகழ்ச்சிப் படங்களில் தெரியும் பொருட்கள் ஆகியவற்றைச் சான்றாக அளிக்கலாம். ஆவணம் இல்லை என்ற காரணத்தால் மட்டும் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று ஆணையம் 2024-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் அறிவுறுத்தியுள்ளது.

தொகை கணக்கிடப்படும் விதம்

எடுத்துக்காட்டாக, 900 சதுர அடி கொண்ட கான்கிரீட் வீட்டை மீண்டும் கட்ட சதுர அடிக்கு 1,800 உரூபாய் ஆகும் எனக் கொள்வோம். சரியான காப்புத் தொகை 16,20,000 உரூபாய். ஆனால் கடன் நிலுவைக்கு ஈடாக 8,10,000 உரூபாய்க்கு மட்டும் காப்பீடு எடுக்கப்பட்டுள்ளது. வெள்ளத்தால் 1,20,000 உரூபாய் சேதம்.

பழைய முறையில், வீடு பாதி மதிப்புக்கே காக்கப்பட்டுள்ளதால், இழப்பிலும் பாதியே, அதாவது 60,000 உரூபாயே கிடைக்கும். மீதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். இதுவே குறைமதிப்புக் காப்பு விதி ஆகும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இவ்விதி தளர்த்தப்பட்டுள்ளதால், ஒப்புக்கொள்ளப்பட்ட சேதம் முழுவதும், காப்புத் தொகையை மிஞ்சாத அளவில் கிடைக்கும். எனினும் வீடு முழுதும் இடிந்தால் 8,10,000 உரூபாயை அடிப்படையாகக் கொண்டே இழப்பீடு அமையும். எனவே கடன் அளவுக்கு மட்டும் காப்பீடு எடுப்பது முழுப் பாதுகாப்பு ஆகாது.

கடன் நிலுவையில் உள்ள வீட்டிற்கான தொகை, ஒப்பந்தத்தில் உள்ள வங்கிக் கூறின்படி முதலில் வங்கிக்குச் செல்லக்கூடும். சீரமைப்புக்குப் பணம் தேவைப்படுவோர் வங்கி மேலாளரிடம் முன்னதாகவே எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

பெங்களூரு, திருப்பூர் முதலிய ஊர்களில் பணிபுரிவோரின் வீடுகள் இம்மாவட்டத்தில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது வழக்கம். செந்தரத் தீக் காப்புறுதியில், கட்டிடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால், நிறுவனத்தின் முன் ஒப்புதல் இல்லாதவிடத்துக் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. தற்போதைய ஒப்பந்தத்தில் இது குறித்து என்ன கூறப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்பது பாதுகாப்பானது.

கால வரம்புகள்

2024 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, கோரிக்கை பெறப்பட்ட 24 மணி நேரத்திற்குள் மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் இவை முறையே 72 மணி நேரம், 30 நாட்கள், 30 நாட்கள் என இருந்தன.

மறுக்கப்பட்டால்

நிறுவனம் மறுப்பதாயின் காரணத்தை எழுத்து மூலம், ஒப்பந்தத்தின் எந்தக் கூற்றின்படி என்று குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அறிக்கையின் படியையும் கேட்டுப் பெறலாம். அவ்வறிக்கை முக்கியமானது என்றாலும் இறுதியானது அன்று என, நியூ இந்தியா காப்பீட்டு நிறுவனம் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

குறைவான தொகை தரப்படும்போது, முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்ற தீர்வைச் சீட்டில் கையொப்பம் கேட்கப்படும். ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெறப்பட்ட கையொப்பம் மேற்கொண்டு கோருவதைத் தடுக்காது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனினும் வற்புறுத்தலை மெய்ப்பிப்பது கடினம். எனவே மறுப்பு இருப்பின், அதை உடனே கடிதம் மூலம் பதிவு செய்வதே சிறந்தது.

முறையீட்டுப் படிகள் பின்வருமாறு:

* நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் முறையீடு.
* ஆணையத்தின் பீமா பரோசா தளம் அல்லது 155255 என்ற தொலைபேசி எண்.
* காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டிற்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாவிடினும், பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டிற்குள் இவரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 இலட்சம் உரூபாய் வரையிலான இழப்பீடுகளை இவர் விசாரிக்கலாம்.
* மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதே பொருளில் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ வழக்கு இருந்தால் குறைதீர்ப்பாளர் விசாரிக்க மாட்டார்.

அரசு நிவாரணமும் காப்பீடும்

அரசு தரும் நிவாரணம் காப்பீட்டு இழப்பீடு அன்று. 2022 முதல் 2026 வரையிலான காலத்திற்கு வகுக்கப்பட்ட பேரிடர் நிவாரண நிதி வரையறையின்படி, சமவெளிப் பகுதியில் முழுதும் சேதமடைந்த வீட்டிற்கு 1,20,000 உரூபாயும், குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த கல் அல்லது கான்கிரீட் வீட்டிற்கு 6,500 உரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ள 1,20,000 உரூபாய்ச் சேதத்தோடு 6,500 உரூபாயை ஒப்பிட்டால் இரண்டிற்கும் உள்ள இடைவெளி விளங்கும். நிவாரணம் குடும்பம் உடனடியாகத் தாக்குப்பிடிக்க உதவுவது. வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம் அன்று. நிவாரணத்திற்காக வருவாய்த் துறையினர் எடுக்கும் சேதக் கணக்கின் படியைப் பெற்றால், அது காப்பீட்டுக் கோரிக்கைக்கும் சான்றாகப் பயன்படும்.

காப்பீடு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* கட்டணம் நிறுவனத்தைச் சென்றடைந்த பின்னரே காப்பு தொடங்கும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. புயல் எச்சரிக்கை வந்தபின் எடுக்க முயல்வது பயனளிக்காமல் போகலாம்.
* சுவரும் கூரையும் எப்பொருளால் ஆனவை (கான்கிரீட், ஓடு, கல்நார்த் தகடு, ஓலை) என்பதை முன்மொழிவுப் படிவத்தில் உள்ளபடி குறிப்பிட வேண்டும். மறைத்தல் பின்னர் மறுப்புக்குக் காரணமாகலாம்.
* கட்டிடத்திற்கு மட்டுமா, பொருட்களுக்கும் சேர்த்தா என்பதை அட்டவணையில் சரிபார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்போர் பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம்.
* காப்புறுதியின் படியை வீட்டிற்கு வெளியேயும், உறவினர் ஒருவரிடமோ மின்னஞ்சலிலோ வைத்திருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* காப்பீடு
* ஃபெஞ்சல் புயல்
* தர்மபுரி மாவட்டம்
* தென்பெண்ணை ஆறு
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019